அண்ணன் தவ்பா செய்த வரி

என் அண்ணன் எழுதி அச்சில் வந்த கதை ஒன்றே ஒன்று. அந்தக் கதையில் ஊரைக் கொதிக்க வைத்த வரியும் ஒன்றே ஒன்று. அந்த வரி அவருடையது அல்ல, என்னுடையது. இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. சின்ன வயதிலிருந்தே எங்கள் சந்தில் எனக்கு வாயாடி என்றுதான் பெயர். வாயாடி எல்லாம் தைரியசாலி என்று நினைக்கிறவர்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

திருச்சி மலைக்கோட்டைக்குக் கீழே, கடைவீதியைத் தாண்டி, பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் எங்கள் வீடு. எழுபதுகளின் கடைசி. அத்தா, எங்கள் அப்பா, தவறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் கைக்குழந்தை, நான். மணப்பாறையில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா, மாப்பிள்ளை மஞ்சள்காமாலையில் இறந்துபோனதும், மூன்று வயது மகளோடு இத்தா இருக்க எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் அலங்காரம் இல்லாமல், வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருப்பதுதான் இத்தா. எங்கள் குடும்பத்து இத்தா அதற்கும் மேலே நாலு படி. அடுத்த வீட்டில் இருந்த பெரியம்மா, அத்தாவின் அண்ணன் மனைவி, இந்த விஷயத்தில் வைத்ததுதான் சட்டம். ஜன்னலுக்குச் சாக்குப் படுதா. கண்ணாடி பார்க்கக்கூடாது. வானத்தையும் பார்க்கக்கூடாது, முற்றத்துக்கு வந்தால் தலைக்குமேல் நாங்கள் துணி பிடிக்க வேண்டும். பெரியம்மா தன் இருபத்தாறாவது வயதில் அப்படி இருந்தவர். தான் பட்டதை இன்னொருத்தியும் படவேண்டும் என்ற வயிற்றெரிச்சல் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவருக்கு இருந்தது உண்மையான பயம்.

இத்தா முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தபோது அக்கா மகளுக்குக் காய்ச்சல் வந்து தொண்டை அடைத்துக்கொண்டது. மூச்சு இழுக்க இழுக்கக் கழுத்துக்குழி உள்ளே போனது. அண்ணன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரிக்‌ஷா கூப்பிட ஓடினார். அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள்.

"எங்கம்மா எந்திரிக்கிற? இன்னும் பத்தொன்பது நாள் கிடக்கு" என்றார் பெரியம்மா. "நீ வாசப்படி தாண்டினா அங்க கபுருல கிடக்குற உன் புருஷனுக்கு வேதனைம்மா. ஆஸ்பத்திரில ஆயிரம் ஆம்பளைங்க. உங்கம்மா போகட்டும். புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

அம்மா போனார். அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். நாங்கள்தான் தாமதமாகக் கொண்டுபோயிருந்தோம். சாப்பாட்டுத் தூக்கோடு நான் தினம் இரண்டு வேளை போய்வந்தேன். இரண்டாம் நாள் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராத குரலில், அம்மா எங்க என்று கேட்டது. "வந்துக்கிட்டே இருக்காடா கண்ணு" என்றேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள், "என்னைத் தேடுனாளா?" "இல்லக்கா, நல்லாத் தூங்குறா" என்றேன். ஒரே நாளில் தாய்க்கு ஒரு பொய், மகளுக்கு ஒரு பொய். மூன்றாம் நாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் பிள்ளையை அண்ணன் வேட்டியில் சுற்றித் திருப்பிக்கொண்டு வந்தார். அப்போதுதான் அக்கா அதன் முகத்தைப் பார்த்தாள்.

பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் திரும்பியிருந்தார்கள். அண்ணன் அடுப்படிக்குப் பக்கத்தில் தொட்டியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். பெரியம்மா கஞ்சி கிண்டிக்கொண்டே, "கொடுத்தவன் எடுத்துக்கிட்டான். எது நல்லதுன்னு அவனுக்குத் தெரியாதா?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது.

"அவனுக்கு எப்படித் தெரியும்? அவன்தான் யாரையும் பெக்கலையே. பெத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

அவன் யாரையும் பெறவுமில்லை, யாராலும் பெறப்படவுமில்லை. குர்ஆனின் குல்ஹுவல்லாஹு சூராவில் நாலு வயதில் மனப்பாடம் செய்கிற அர்த்தம். எங்கள் தீனின், மார்க்கத்தின், ஆணிவேர் அது. அதைப் பிடுங்கி அவன் மேலேயே எறிந்துவிட்டேன். பெரியம்மா என் வாயைப் பொத்தி, "தவ்பா சொல்லுடி, தவ்பா சொல்லுடி" என்று பாவமன்னிப்புக் கேட்கச் சொல்லி அழுதார். நான் சொல்லவில்லை. அண்ணன் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

அண்ணனுக்கு ஸ்ரீரங்கத்தில் ஓர் அச்சகத்தில் வேலை. கம்பாசிட்டர். ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிப் பஞ்சாங்கமும் உற்சவ அழைப்பும் பாசுரங்களும் கோப்பார். "பெருமாளுக்கு எழுத்துப் பொறுக்குறவர்" என்று சந்தில் கிண்டல் செய்வார்கள், அவர் சிரித்துக்கொள்வார். அச்சக முதலாளி சித்திரை வீதிக்காரர், நாமம் போட்டவர். பாய் கோத்தால் பிழை இருக்காது என்று நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்படுகிறவர். கைக்காசைப் போட்டு மாதம் ஒரு சின்னப் பத்திரிகை நடத்தினார். இரண்டு வருஷம் கழித்து, எண்பதுகளின் தொடக்கத்தில், அதில் அண்ணன் கதை வந்தது. எங்களுக்கே தெரியாமல் எழுதியிருந்தார்.

இத்தாவில் இருக்கும் ஒருத்தி. ஆஸ்பத்திரியில் பிள்ளை. உறவுக்காரப் பெண்கள் வழிமறிக்கிறார்கள். அவள் எல்லாரையும் தள்ளிவிட்டு வாசலைத் தாண்டித் தெருவில் வெறுங்காலோடு ஓடுகிறாள். போய்ச் சேர்கிறாள். பிள்ளை அவள் மடியில் உயிரை விடுகிறது. அப்போது அவள் மேலே பார்த்து, நான் அடுப்படியில் சொன்னதைச் சொல்கிறாள். ஒரு சொல் மாறாமல் அப்படியே.

அண்ணன் புனைபெயர் போட்டுத்தான் கோத்திருந்தார். முதலாளி கடைசிப் பிரூஃபில் அதை அடித்துவிட்டு அண்ணன் பெயரையும், கதவு இலக்கத்தோடு எங்கள் வீட்டு விலாசத்தையும் சேர்த்தார். வாசகர்கள் எழுத்தாளருக்குக் கடிதம் போட வேண்டுமென்று அந்தப் பத்திரிகையில் எல்லாருக்கும் விலாசம் போடுவது வழக்கம். அன்றைக்கு அண்ணன் வேறு வேலையாக வெளியே போயிருந்தார். திரும்பி வந்தபோது கோத்த பக்கங்களின் பாரம் மிஷினில் ஏறி ஓடிக்கொண்டிருந்தது.

கதையைப் படித்தவர்கள் எங்கள் தெருவில் நாலு பேர்கூட இருக்க மாட்டார்கள். அந்த ஒரு வரியை மட்டும் யாரோ ஒரு தாளில் எழுதிப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கீழே அண்ணன் பெயர். அதைத் தெருவே படித்தது. அந்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போய்வந்த அண்ணன் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "ஸலாம் சொன்னேன். ஒருத்தர்கூடப் பதில் சொல்லல" என்றார். பால்காரர் வரவில்லை. அண்ணி பிள்ளையோடு கடைக்குப் போனால் மற்றவர்களுக்குக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

எனக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை காட்டூர்ப் பக்கம். நிக்காஹ்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவுப் புத்தகம் எங்கள் வீட்டுக்கு வராது என்று சொல்லியனுப்பினார்கள். வேறு பள்ளிவாசல் மஹல்லாவில் வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் எங்கள் ஜமாஅத்தின் கடிதம் வேண்டும். அதுவும் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். கடிதத்தோடு வாங்க, காத்திருக்கோம் என்று மட்டும் சொன்னார்கள்.

ஆத்திரத்தில் நான் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். முதலாளி எழுந்து நின்று, "வாங்கோம்மா, உக்காருங்கோ" என்றார்.

"யாரைக் கேட்டு எங்க அண்ணன் பேரைப் போட்டீங்க?"

"இப்பேர்ப்பட்ட கதையை எழுதிட்டுப் பேரை மறைச்சுக்கலாமோ? எழுத்துக்கு ஒரு தைரியம் வேணும். அவன் பின்வாங்கப்படாதும்மா. நான் இருக்கேன்னு சொல்லுங்கோ."

"தைரியம் உங்களோடது. வீடு எங்களோடது" என்றேன். "போன வருஷம் வடகலை தென்கலைச் சண்டையைப் பத்தி ஒரு கதை வந்துச்சே, அண்ணன் கோத்து முடிச்ச பிறகு எடுக்கச் சொன்னீங்களே, அதுக்கு மட்டும் தைரியம் வேணாமா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அது வேற விஷயம். இந்த வீதில நான் நாளைக்கும் நடக்கணுமேம்மா" என்றார். பொய் சொல்லவில்லை, அந்த மட்டில் யோக்கியர். அடுத்த வாரம் அவர் வீதியிலேயே முணுமுணுப்புக் கிளம்பியது. துலுக்கர் சண்டை கோயில் வாசலுக்கு எதற்கு என்று. ஒரு மாதம் வரவேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

அப்புறம் ஒரு பகலில் ஹஜ்ரத் வந்தார். எங்கள் பள்ளிவாசல் இமாம். எங்கள் மூவருக்கும் ஓதக் கற்றுக்கொடுத்தவர். ஜமாஅத் அனுப்பித்தான் வந்தார். படுதாவுக்கு இந்தப் பக்கம் நானும் அம்மாவும் அண்ணியும் பெரியம்மாவும். அக்கா உள் அறையில் இருந்தாள். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"கதையை முழுசாப் படிச்சேன் தம்பி" என்றுதான் ஆரம்பித்தார். "இத்தாவுல இருக்குறவ கட்டாயத் தேவைக்கு வெளிய போகலாம். மார்க்கக் கிதாப்ல இருக்கு. பெத்த புள்ளை உயிருக்குப் போராடுறதைவிட என்ன தேவை வேணும்? அன்னைக்கே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, போய்ப் புள்ளையப் பாருன்னு நானே சொல்லியிருப்பேனே. ஏன் யாரும் கேக்கல?"

ஏன் கேட்கவில்லை? பள்ளிவாசலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஐந்து வேளையும் அவர் குரல் எங்கள் அடுப்படியில் கேட்கும். ஆனால் இத்தா பெண்கள் சமாச்சாரம். அதை ஆண்களிடம் கொண்டுபோவது வெட்கக்கேடு என்று வைத்திருந்தோம். அண்ணனும் கேட்கவில்லை. சதா வாயாடுகிற எனக்கும் தோன்றவில்லை. பெரியம்மா என் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அன்றைக்கு உட்கார்ந்தவர் பிறகு எந்த வீட்டு விஷயத்திலும் சட்டம் பேசி நான் கேட்டதில்லை.

"அந்த வரிதான் தம்பி" என்றார் ஹஜ்ரத். "அதை என்னால தாங்க முடியல. ராத்தொழுகையில அந்த சூராவ ஓதினா பாதியிலயே நின்னுபோகுது." அவர் குரல் உண்மையிலேயே உடைந்தது. நடிப்பு என்று சொல்லத்தான் எனக்கு ஆசையாக இருந்தது, சொல்ல முடியவில்லை.

"புள்ளையப் பறிகொடுத்தவ ஹஜ்ரத். அவன்கிட்ட கோவிச்சுக்காம வேற யார்கிட்ட போய்க் கோவிச்சுக்குவா?"

"கோவிச்சுக்கட்டும். தொழுகைப் பாயில தனியா உக்காந்து கோவிச்சுக்கட்டும். அது அவளுக்கும் அவனுக்கும் உள்ளது. அச்சடிச்சு ஊருக்குக் கொடுக்கலாமா? சரி, இது யாராச்சும் நெசமாச் சொன்னதா? இல்ல நீயா உண்டாக்கினதா?"

படுதாவுக்குப் பின்னால் நான் பெரியம்மாவைப் பார்த்தேன். பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் உண்டாக்கினேன்" என்றார் அண்ணன்.

படுதாவை விலக்கி, சொன்னது நான் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? சொல்லவில்லை. சொன்னால் காட்டூர் இல்லை, எந்த ஊரும் எனக்கு இல்லை என்று தெரியும். கல்யாணம் வேண்டும் என்று இருந்தது. அந்த வீட்டைவிட்டு, சாக்குப் படுதா தொங்கிய அந்த ஜன்னலைவிட்டு வெளியே போய்விட வேண்டும் என்று இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், நான் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

ஹஜ்ரத் போனபிறகு அண்ணன் என்னிடம் பேசியது கொஞ்சம்தான். "அத்தா இல்ல. உன் நிக்காஹ்வுக்கு நான்தான் வலி, பொண்ணைக் கொடுக்குற பொறுப்பாளி. நான் தீனைவிட்டு வெளிய போனவன்னு ஆயிட்டா உன்னைக் கைப்பிடிச்சுக் கொடுக்க எனக்கு உரிமையில்ல. போதும், தவ்பா செஞ்சிடுறேன்."

வெள்ளிக்கிழமை ஜும்மாவில் நடந்ததைப் பெண்கள் நாங்கள் பள்ளிவாசல் மைக்கில்தான் கேட்டோம். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தோம். முதலில் ஹஜ்ரத் குரல், அப்புறம் அண்ணன் குரல். அண்ணன் மைக்கில் பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். நான் எழுதிய வார்த்தை தப்பு, அதை விட்டு விலகுகிறேன், அல்லாவிடமும் ஜமாஅத்திடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். கலிமா சொன்னார். புதிதாக இஸ்லாத்துக்கு வருகிறவர் சொல்வதுபோல, ஹஜ்ரத் சொல்லச் சொல்ல, துண்டு துண்டாக. நாலு வயதில் அதே மனிதரிடம் அதே கலிமாவைக் கற்றுக்கொண்டவர் என் அண்ணன். நானும் அடுப்படியில் வாய்க்குள் கூடவே சொன்னேன். யாருக்கும் கேட்காமல் சொல்வதற்கு என்ன தைரியம் வேண்டும்?

மீதமிருந்த பிரதிகளை முதலாளி கொடுத்துவிட்டார். அவற்றை எரிக்கவும் முடியவில்லை, ஏனென்றால் கதைக்குள் அல்லாவின் பெயர் இருந்தது. அந்தப் பெயர் உள்ள காகிதத்தை எரிப்பதோ குப்பையில் போடுவதோ எங்களில் வழக்கமில்லை. பெரும் பாவம் என்று சொல்லப்பட்ட அந்தக் காகிதங்களை பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, வெள்ளைத் துணியில் கட்டி, மரியாதையாகத் தலையில் சுமந்துபோய் ஓடத்துறையில் காவிரியில் விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணியும் என்னைப் பார்த்தார். சிரித்தால் அழுதுவிடுவோம் என்று இரண்டு பேரும் திரும்பிக்கொண்டோம்.

அதோடு விடவில்லை. ஈமான், இறைநம்பிக்கை, போய்த் திரும்பினால் நிக்காஹ்வும் புதுசாகச் செய்ய வேண்டும் என்றார்கள். எங்கள் கூடத்தில் இரண்டு சாட்சிகளை வைத்து அண்ணனுக்கும் அண்ணிக்கும் மறுபடியும் நிக்காஹ் நடந்தது. அண்ணி இடுப்பில் பிள்ளையோடு படுதாவுக்குப் பின்னால் நின்றார். சம்மதமா என்று கேட்டார்கள். "இப்ப நான் வேணாம்னு சொன்னா என்ன செய்வீங்க?" என்றார் அண்ணி, நல்ல சத்தமாக. பிறகு அவரே "சம்மதம்" என்றார். பிள்ளை பசியில் அழுததால் உடனே உள்ளே போய்விட்டார்.

பதிவுப் புத்தகம் எனக்காகவும் வந்தது. அண்ணன் வலியாக உட்கார்ந்து என்னைக் கொடுத்தார். ஸலாமுக்குப் பதில் ஸலாம் வர ஆரம்பித்தது. பால்காரர் வந்தார். அண்ணன் கோட்டைப் பக்கமே வேறு அச்சகத்தில் சேர்ந்து கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் கோத்தார். எழுதுவதைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எழுந்துபோய்விடுவார். தொழுகையை ஒருநாளும் விட்டதில்லை, முன்பும் சரி, பின்பும் சரி.

இந்த விசாரணை, தவ்பா, நிக்காஹ் எல்லாவற்றிலும் அக்காவிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியவேண்டாம் என்று நாங்களும் பொத்திப் பொத்திப் பேசினோம். அவள் உள் அறையில் தையல் மெஷினோடு இருந்தாள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மதியம் காட்டூரிலிருந்து அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன். வெளிநாட்டில் யாரோ எழுதிய ஒரு புத்தகத்தைத் தடை செய்யவேண்டும் என்று பேப்பரில் தினம் செய்தி வந்துகொண்டிருந்த சமயம். அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, எட்டு வருஷமாகத் தொண்டையில் நின்றதை அவளிடம் சொன்னேன்.

"அக்கா, கதையில வந்த அந்த வரி அண்ணன் சொன்னதில்ல. நான் சொன்னது."

அவள் மெஷினை நிறுத்தவில்லை. "தெரியும். நீ அடுப்படியில கத்தினப்ப நான் ரூமுக்குள்ளதானே கிடந்தேன். காது கேக்காதா?"

"தெரிஞ்சும் ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா உன்னை எவன் கட்டுவான்?"

நான் அழ ஆரம்பித்தேன். அவள் என்னைத் தேற்றுவாள் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்காகத்தான் சொன்னேன்.

"கதையையும் படிச்சேன்" என்றாள். "வந்த அன்னைக்கே. அண்ணன் தலகாணிக்கு அடியில வச்சிருந்துச்சு. அதுல அவ எல்லாரையும் தள்ளிவிட்டு ஓடுறா, இல்ல? புள்ளை அவ மடியிலதானே போகுது?"

"ஆமாக்கா."

"நான் போகலையே."

"பெரியம்மாதானேக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"பெரியம்மா போகாதன்னு சொல்லுச்சு. கையையா பிடிச்சு இழுத்துச்சு? கட்டியா போட்டுச்சு? மூணு நாளும் வாசக்கதவு தொறந்துதான் கிடந்துச்சு. நான்தான் பயந்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

தைத்த துணியைத் திருப்பிப் போட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நீ அல்லாவச் சொன்னதுக்கு ஊரே கூடி அண்ணனக் கேள்வி கேட்டாங்க. நான் போனேன்னு அண்ணன் எழுதுச்சே, அந்தப் பொய்ய ஏன் எழுதினேன்னு ஒருத்தர்கூடக் கேக்கல."